மூச்சு விட மறந்த மூளை

2002 அக்டோபர் 26, சனிக்கிழமை. மாஸ்கோவில் இன்னும் விடியவில்லை. துப்ரோவ்கா பகுதியில், பால்பேரிங் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் கட்டிய கலாச்சார மாளிகைக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று இரவாக நாற்காலியோடு நாற்காலியாகக் கிடக்கிறார்கள். புதன் இரவு இசை நாடகம் பார்க்க வந்தவர்கள். இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தபோது சுமார் 40 செச்சென் ஆயுததாரிகள் மேடையேறினார்கள்; செச்சன்யாவிலிருந்து ரஷ்யப் படை வெளியேற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். இடுப்பில் வெடிகுண்டுப் பட்டையோடு பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்கள். வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் கழிப்பறையாகிவிட்டிருந்தது.

ஐந்து மணிக்கு மேல் காற்றோட்டக் குழாய் வழியாக ஏதோ இறங்கியது. உள்ளே இருந்த ஒரு பெண் வானொலி நிலையம் ஒன்றுக்குக் கைபேசியில் பேசினார். வாயுவைத் திறந்துவிட்டார்கள், எங்களால் அதை உணர முடிகிறது, நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அது நேரலையில் போனது. சில நிமிடங்களில் அரங்கு முழுக்கத் தலைகள் சாய்ந்தன. சிறப்புப் படை உள்ளே புகுந்து, மயங்கிக் கிடந்தவர்கள் உட்பட ஆயுததாரிகள் அனைவரையும் சுட்டுக் கொன்றது. வெடிகுண்டுப் பட்டைகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பணயக்கைதிகளில் 130 பேர் இறந்ததாக அரசு பின்னர் கணக்குச் சொன்னது. ஆயுததாரிகள் சுட்டு இறந்தவர்கள் அதில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்களைக் கொன்றது, அவர்களை மீட்பதற்காக விட்ட வாயு.

மூளையைக் குறிவைக்கும் ஆயுதம் என்றதும் நம்மில் பலருக்கு மண்டைக்குள் குரல் கேட்க வைக்கும் கதிரும், எண்ணத்தை மாற்றும் சில்லும்தான் நினைவுக்கு வருகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளும் அவைதான். ஆனால் இதுவரை உலகம் பெரிய அளவில் கண்ட மூளை ஆயுதம் ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து வந்தது. எல்லா பெரிய அறுவை அரங்குகளிலும் இருக்கும் மயக்க மருந்துக் குடும்பத்தின் உறவுக்காரர் அது.

வாயு என்ன என்று முதலில் யாரும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து ரஷ்யச் சுகாதார அமைச்சர் யூரி ஷெவ்சென்கோ, அது ஃபென்டனில் என்ற வலி அடக்கும் மயக்க மருந்திலிருந்து பெறப்பட்ட ஒரு பொருள் என்று மட்டும் சொன்னார். அதைத் தனியே எடுத்துக்கொண்டால் கொல்லும் பொருள் என்று சொல்ல முடியாது, பட்டினியும் களைப்பும் அசையாமல் உட்கார்ந்திருந்ததும்தான் சேர்ந்து கொன்றன என்பது அவர் வாதம். பத்தாண்டு கழித்து, 2012-ல், பிரிட்டன் பாதுகாப்புத் துறையின் போர்ட்டன் டவுன் ஆய்வகம் தன் ஆய்வை வெளியிட்டது. உயிர் பிழைத்த இருவரின் உடைகளிலும் மூன்றாமவரின் சிறுநீரிலும் தேடியதில் அகப்பட்டவை கார்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும். இரண்டாவது, மனிதர்களுக்கு அறுவை அரங்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து. முதலாவது மனிதர்களுக்கானதே அல்ல. மார்ஃபினைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு வீரியம் உள்ளது. யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்குவதற்கு வைத்திருப்பது.

என் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை நடந்த அன்று மயக்கம் தெளியும் அறைக்குள் என்னைக் கொஞ்ச நேரம் விட்டார்கள். அம்மா கண் மூடிக் கிடந்தார். பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டர் அவர் தோளைத் தட்டி, "மூச்சு விடுங்கம்மா" என்றார். அம்மா ஒரு முறை ஆழமாக இழுத்து விட்டார். பிறகு சும்மா இருந்தார். மீண்டும் தட்டல், மீண்டும் "மூச்சு விடுங்கம்மா". மூச்சு விடச் சொல்லவும் ஆள் வேண்டுமா என்று எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் மூச்சை இழு என்று தானாகக் கட்டளை போடும் நரம்புக் கூட்டம் மூளைத்தண்டில் இருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் போய் ஒட்டிக்கொண்டு வலியை அடக்கும் அதே ஏற்பிகள் அங்கேயும் உண்டு. மருந்து அங்கே போய் உட்கார்ந்தால் வலி மறப்பதைப் போலவே மூச்சும் மறந்துபோகும். யாராவது சொன்னால் விடத் தெரியும். சொல்ல ஆள் இல்லையென்றால் அவ்வளவுதான். நம் ஊரில் அறுவைக்குப் போகிறவர்கள் சர்ஜன் யார் என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். மயக்க மருந்து டாக்டரின் பெயரை யாரும் கேட்பதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

துப்ரோவ்காவில் எண்ணூறு பேருக்கு மருந்து கொடுத்தார்கள். தோளைத் தட்ட ஆள் இல்லை.

தூங்க வைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இடைவெளி உண்டு. அறுவை அரங்கில் ஒருவரின் எடை பார்த்து, வயது பார்த்து, ஆக்சிஜன் அளவைத் திரையில் பார்த்துக்கொண்டே அந்த இடைவெளிக்குள் நடக்கிறார்கள். ஓர் அரங்கத்துக்குள் வாயுவாக அடித்தால் குழாய்க்கு நேர்கீழே உட்கார்ந்த குழந்தைக்கும் கடைசி வரிசை மூலையில் இருக்கும் தடித்த ஆளுக்கும் ஒரே அளவு போய்ச் சேராது. கடைசி வரிசை ஆயுததாரி விரலை அசைக்குமுன் விழ வேண்டும் என்றால் முதல் வரிசைக் குழந்தைக்கு அளவு மீறித்தான் ஆக வேண்டும். துப்ரோவ்காவுக்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இடைவெளி ஆயிரம் மடங்கு இருக்கும் ஒரு மருந்து கிடைத்தாலும், அதை ஆயுதமாக விட்டால் சுமார் பத்தில் ஒருவர் சாவார் என்பது அவர்கள் கண்ட விடை. அத்தனை பாதுகாப்பான மயக்க மருந்து இன்றுவரை கிடையாது. துப்ரோவ்காவில் ஆறேழு பேருக்கு ஒருவர் இறந்தார்.

அந்த விகிதத்தைக் குறைத்திருக்க முடியும். நலோக்சோன் என்ற மாற்று மருந்து ஓபியாய்டை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு ஓரிரு நிமிடத்தில் மூச்சைத் திருப்பித் தரும். ஆனால் வெளியே காத்திருந்த டாக்டர்களுக்கு உள்ளே விட்டது என்ன என்றே சொல்லப்படவில்லை. மயங்கியவர்களைத் தூக்கிவந்து குளிரில் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும் என்பதால் மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பது முதலுதவி வகுப்பின் ஆரம்பப் பாடம். பலரை நகரப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். 2011 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, வாயுவைப் பயன்படுத்தியதைத் தவறென்று சொல்லவில்லை. மீட்பையும் சிகிச்சையையும் திட்டமிடாமல் விட்டதுதான் உயிர்வாழும் உரிமையை மீறியது என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு பாதித் தீர்ப்பாகவே படுகிறது. அந்த வாயுவையும் அதற்குப் பின் தேவைப்படும் நூற்றுக்கணக்கான மயக்க மருந்து டாக்டர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியுமா?

1997 செப்டம்பரில் ஜோர்டானின் அம்மான் நகரில் நடந்ததும் இதே மருந்துக் குடும்பத்தின் கதைதான். ஹமாஸ் தலைவர் காலித் மஷாலின் காதில் இஸ்ரேலின் மொசாட் ஆட்கள் எதையோ தெளித்துவிட்டு ஓடினார்கள், இருவர் பிடிபட்டார்கள். அது ஃபென்டனில் வகை மருந்து. மஷால் மெல்ல மூச்சு விட மறந்துகொண்டிருந்தார். மன்னர் ஹுசைன் வற்புறுத்த, இஸ்ரேலே மாற்று மருந்தைக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் கொலைக் கருவி, இன்னோரிடத்தில் 'உயிர் சேதமில்லாத' ஆயுதம், மூன்றாவது இடத்தில் என் அம்மாவின் வலிக்கு மருந்து. பொருளைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. யார் அளந்தார், யார் பக்கத்தில் நின்றார், வாங்கிக்கொண்டவரிடம் கேட்டார்களா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சட்டம் இங்கே ஏன் தடுமாறியது என்று பார்க்கலாம். 1997-ல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தம் நச்சு ரசாயனங்களைப் போரில் பயன்படுத்துவதை முழுக்கத் தடுக்கிறது. நச்சு என்பதற்கு அது கொடுக்கும் விளக்கத்தில் சாவு மட்டும் இல்லை, தற்காலிகமாகச் செயலிழக்க வைப்பதும் அடங்கும். அப்படியானால் மயக்க வாயு தடைக்குள்தானே வர வேண்டும்? வந்திருக்கும், ஒரு விலக்கு இல்லாவிட்டால். உள்நாட்டுக் கலவரத்தை அடக்குவது உள்ளிட்ட சட்டம் ஒழுங்குப் பணிகளுக்கு ரசாயனத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு துணைவிதி எழுதியிருக்கிறார்கள். கண்ணீர்ப் புகையை மனதில் வைத்து எழுதியது. அதனால் ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. எதிரி நாட்டுச் சிப்பாய் மேல் போர்முறையாகக் கண்ணீர்ப் புகை வீசினால் சர்வதேசக் குற்றம். சொந்த நாட்டு மாணவர் ஊர்வலத்தின் மேல் போலீஸ் வீசினால் குற்றமில்லை. துப்ரோவ்காவை ரஷ்யா இந்த இரண்டாவது கணக்கில் எழுதியது.

'சட்டம் ஒழுங்கு' என்ற இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு அடைக்கலாம் என்ற சண்டை இருபதாண்டுக்கு மேல் நடந்தது. செஞ்சிலுவைச் சங்கம் கூட்டம் போட்டது. பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2012-ல் நரம்பியலும் போரும் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டு, இந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது. கடைசியில் 2021 டிசம்பரில் ஹேக் நகரில் கூடிய உறுப்பு நாடுகள் வாக்கெடுப்பு நடத்தி, மத்திய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ரசாயனங்களைக் காற்றில் தூவுவது சட்டம் ஒழுங்கு விலக்குக்குள் வராது என்று முடிவு செய்தன. ரஷ்யா எதிர்த்தது. முடிவில் உள்ள 'காற்றில் தூவுவது' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். ஊசியாகவோ வேறு வழியிலோ செலுத்துவது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இந்த ஆயுதங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிடவும் முடியாது. குண்டு போட்டுக் கொல்வதைவிட மயக்கிப் பிடிப்பது மேல் அல்லவா? ஜேம்ஸ் கெட்சம் என்ற ராணுவ மனநல மருத்துவர் கடைசிவரை இதைத்தான் சொன்னார். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து எட்ஜ்வுட் ஆயுதக் கிடங்கில் 1955 முதல் 1975 வரை சுமார் 7,000 சிப்பாய்கள் மேல் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 1960-களில் அதில் முக்கியப் பங்கு கெட்சமுக்கு. அவர்களுக்குப் பிடித்த மருந்து பிஇசட் என்பது. ஊமத்தங்காய் தின்றவர் எப்படி ஆவார் என்று கிராமத்தில் கேட்டால் சொல்வார்கள்: வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டு, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டு இருப்பார். பிஇசட் செய்ததும் அதேதான். நரம்பில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது, ஆனால் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். மெத்தை பதித்த அறைகளில் சிப்பாய்கள் இல்லாத சிகரெட்டைப் புகைத்ததைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதைக் குண்டுகளில் அடைத்துக் கிடங்கிலும் வைத்தார்கள். ஆனால் போரில் பயன்படவில்லை. வேலை தொடங்கவே மணிக்கணக்காகும். யார் என்ன செய்வார் என்று சொல்லவும் முடியாது; துப்பாக்கியும் கையுமாக இருப்பவனுக்குப் புத்தி பேதலித்தால் சரணடைவான் என்று என்ன நிச்சயம்? 1988-க்கும் 1990-க்கும் இடையில் அர்க்கன்சாஸில் அந்த இருப்பை எரித்து அழித்தார்கள்.

1964-ல் போர்ட்டன் டவுன்காரர்கள் எடுத்த ஒரு சோதனைப் படம் இணையத்தில் கிடைக்கிறது. எல்எஸ்டி என்ற பிரமை உண்டாக்கும் போதை மருந்தைக் கலந்து குடித்த பிரிட்டிஷ் கடற்படைச் சிப்பாய்கள் புல்வெளியில் பயிற்சிக்குப் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பறவைகளுக்குத் தீனி போட மரத்தில் ஏறுகிறார். வரைபடத்தை விரித்தவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்போது தளபதி இனி என்னால் முடியாது என்று கைவிட்டுவிட்டு அவரும் சிரிக்கிறார். பார்க்கிற யாருக்கும் இது எத்தனை நல்ல ஆயுதம் என்று தோன்றும். இதைவிடக் கேலிக்குரியதும் உண்டு. 1994-ல் அமெரிக்க விமானப்படையின் ரைட் ஆய்வகம், எதிரிச் சிப்பாய்களுக்குள் ஒருவர் மேல் ஒருவருக்குக் காம இச்சையைத் தூண்டி ஒழுங்கைக் குலைக்கும் ரசாயனம் தேடலாம் என்று 75 லட்சம் டாலர் திட்டம் எழுதியது. அறிவியலும் இல்லை, நாகரிகமும் இல்லை.

கொல்லாத ஆயுதம் வந்தால் கொலை குறையும் என்பதற்கு வரலாறு தரும் பதில் வேறு. துப்ரோவ்காவில் நினைவின்றிக் கிடந்தவர்களைக் கைது செய்திருக்கலாம், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்திருக்கலாம். தலையில் சுட்டார்கள். வியட்நாமில் அமெரிக்கப் படை சுரங்கங்களுக்குள் கண்ணீர்ப் புகையை அடித்து, மறைந்திருந்தவர்களை வெளியே வரவைத்துக் குண்டுக்கு இலக்காக்கியது. வாயு துப்பாக்கிக்குப் பதிலாக வரவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் வந்தது.

இதில் முதலில் மூளையைக் கொடுத்தவர் யார் என்பதற்கு ஜேம்ஸ் ஸ்டான்லி என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட்டின் வழக்கைப் படிக்க வேண்டும். 1958 பிப்ரவரியில் ரசாயனப் போரில் பயன்படும் பாதுகாப்பு உடைகளையும் கருவிகளையும் சோதிக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஸ்டான்லி பெயர் கொடுத்தார். சோதனைக்குப் போன இடத்தில் அவருக்குச் சொல்லாமல் எல்எஸ்டி கொடுத்தார்கள். திரும்பி வந்தவருக்கு இல்லாதவை தெரிந்தன, நினைவு தவறியது. நடுராத்திரியில் எழுந்து மனைவியையும் பிள்ளைகளையும் அடிப்பார். காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. 1969-ல் ராணுவத்திலிருந்து வெளியே வந்தார், அடுத்த ஆண்டு மணவாழ்க்கை முறிந்தது. 1975 டிசம்பரில் ராணுவத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 1958 எல்எஸ்டி சோதனையில் கலந்துகொண்ட தன்னார்வலர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து ஆராய்கிறோம், நீங்களும் வர வேண்டும் என்று. தனக்கு என்ன நடந்தது என்று அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

அவர் வழக்குப் போட்டார். 1987 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பணியின் போக்கில் ஏற்பட்ட காயத்துக்காகச் சிப்பாய் அரசு மேல் வழக்குப் போட முடியாது, கட்டுப்பாடு கெட்டுவிடும். எதிர்த்து எழுதிய நீதிபதிகள் நியூரம்பர்க்கை நினைவூட்டினார்கள். மனிதரின் மனமார்ந்த சம்மதமின்றிச் சோதனை கூடாது என்ற விதியை 1947-ல் நாஜி டாக்டர்களுக்கு எதிராக எழுதிய நீதிபதிகள் அமெரிக்கர்கள்தானே. பல ஆண்டு கழித்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாகச் சட்டம் போட்ட பிறகு, ஸ்டான்லிக்கு ஏறத்தாழ 4 லட்சம் டாலர் கிடைத்தது.

நாஜிகளைச் சொன்னதால் அவர்கள் ராணுவத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை, பிரான்ஸ் மீது படையெடுத்த அந்தச் சில மாதங்களில், பெர்விட்டின் உள்ளிட்ட மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரைகள் ஜெர்மன் படைகளுக்கு மூன்றரைக் கோடி போயின. தூக்கம் வராது, பயம் வராது, பசி வராது. பிறகு வருவது எல்லாம் சேர்ந்து வரும். அடுத்த ஆண்டே ஜெர்மனி அதைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிரிட்டனும் அமெரிக்காவும் பென்சிட்ரின் கொடுத்தன, ஜப்பான் ஹிரோப்பொன் கொடுத்தது.

இதைப் பழங்கதை என்று தள்ள வழியில்லை. 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் காந்தஹார் அருகே டார்னாக் பண்ணையில் இரவுப் பயிற்சியில் இருந்த கனடாச் சிப்பாய்கள் மேல் அமெரிக்க எஃப்-16 விமானம் ஒன்று குண்டு போட்டது. நான்கு பேர் இறந்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். விமானிகள் தூக்கத்தை விரட்டும் டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் மாத்திரை போட்டிருந்தார்கள். படைக்குள் அதற்கு 'கோ பில்' என்று பெயர். திரும்பி வந்து தூங்குவதற்கு 'நோ-கோ பில்' தனி. மாத்திரையின் பாதிப்பில் நடந்தது என்று விமானிகளின் வக்கீல்கள் வாதிட்டார்கள். போடுவதும் போடாததும் விமானியின் விருப்பம் என்றது விமானப்படை. கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், உண்மைதான். போட மறுப்பவரைப் பறக்கத் தகுதியற்றவராகக் கருதலாம் என்றும் இருந்ததை வக்கீல்கள் எடுத்துக்காட்டினார்கள். மேலதிகாரி நீட்டும் தாளில் போடும் கையெழுத்தை ஆஸ்பத்திரியில் போடும் கையெழுத்தோடு சேர்த்து ஒரே பெயரால் அழைக்கலாமா?

மருந்துக்கு அடுத்தது கம்பி. அமெரிக்க ராணுவத்தின் முன்னோடி ஆராய்ச்சி முகமையான தார்ப்பா பல ஆண்டுகளாக மூளை ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிறது. பிட்ஸ்பர்க்கில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஜான் ஷூயர்மன் என்ற பெண்ணின் மூளையில் 2012-ல் இரண்டு சிறு மின்முனைத் தொகுதிகளைப் பதித்தார்கள். நினைத்த மாத்திரத்தில் எந்திரக் கை நகர்ந்தது. அதைக் கொண்டு தன் வாய்க்குத் தானே சாக்லேட் ஊட்டிக்கொண்டார். 2015-ல் தார்ப்பாவின் அப்போதைய தலைவர் அரதி பிரபாகர் ஒரு கூட்டத்தில் இன்னொன்றையும் சொன்னார். அதே பெண் அதே கம்பி வழியாக எஃப்-35 போர் விமானத்தின் பயிற்சிப் பொறியை ஓட்டிப் பார்த்திருக்கிறார், அதுவும் நெம்புகோலை நினைக்காமல், பறப்பதையே நினைத்து. சாக்லேட்டுக்கும் போர் விமானத்துக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர்கூட இல்லை. இரட்டைப் பயன் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. நல்ல பயன் ஒரு பக்கம், கெட்ட பயன் மறுபக்கம் என்று நாணயம் போலக் காட்டிவிடுகிறது. இங்கே ஒரே தலை, ஒரே கம்பி.

என்னை இன்னும் யோசிக்க வைப்பது, மண்டையைத் திறக்காமலே செய்த ஒரு சோதனை. நமக்குப் பொருளுள்ள ஒன்று கண்ணில் பட்டால் ஏறக்குறைய 300 மில்லிவினாடியில், அதாவது மூன்றில் ஒரு வினாடிக்குள், மூளையில் ஒரு மின் அலை எழும். ஆராய்ச்சியாளர்கள் அதை பி-300 என்பார்கள். தலையில் மின்முனைத் தொப்பி மாட்டினால் வெளியிலிருந்தே பிடிக்கலாம். தொலைதூர ஆபத்தைக் கண்டறியும் கேமராக்களோடு தார்ப்பா இதை இணைத்தது. கணினி சந்தேகப்படும் படங்களை வேகவேகமாகச் சிப்பாயின் கண் முன் ஓட்டும். அவர் 'ஆமாம், ஆள்' என்று சொல்லத் தேவையில்லை, பட்டனையும் அழுத்த வேண்டாம். மூளை அலை துள்ளினால் போதும். கணினி மட்டும் பார்த்தபோது மணிக்கு 810 தவறான எச்சரிக்கைகள் வந்தன. மனித மூளையையும் சேர்த்ததும் அது ஐந்தாகக் குறைந்தது என்று 2012-ல் அறிவித்தார்கள்.

இது ஆயுதமல்ல, காவல் கருவிதான். ஆனால் இதை ஒரு படி தள்ளிப் பார்த்தால் போர்ச் சட்டத்தின் அடிமடியில் கை வைக்கிறது. சுட்டவர் யார், என்ன தெரிந்து சுட்டார், தடுத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்பதில்தான் போர்க்குற்ற விசாரணை நிற்கிறது. மூளையின் முதல் துள்ளலில் எந்திரம் சுட்டுவிட்டால், அந்தச் சிப்பாய் இன்னும் முடிவு எடுக்கவே இல்லை. வயலில் கம்பு தூக்கி நிற்கும் கிழவரைப் பார்த்து முதல் கணம் துப்பாக்கி என்று துணுக்குறாத சிப்பாய் கிடையாது. இரண்டாவது கணத்தில் விரலைத் தளர்த்துகிறார். அந்த இரண்டாவது கணத்தைத்தான் இந்தத் தொழில்நுட்பம் தாமதம் என்று கணக்கெழுதுகிறது.

கதிர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டார்கள். 2016 இறுதியில் கியூபாவின் ஹவானாவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்கு விசித்திரமான ஓசை, தலைச்சுற்றல், காதுவலி, ஞாபகக் குறைவு. நுண்ணலை ஆயுதம் என்ற பேச்சு பரவியது. துடிப்புத் துடிப்பாக வரும் நுண்ணலை தலைக்குள் சத்தம் கேட்க வைக்கும் என்பதை ஆலன் ஃப்ரே 1960-களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தின் மேல் சோவியத் தரப்பு ஆண்டுக்கணக்கில் நுண்ணலை பாய்ச்சியதும் உண்மை. அதனால் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2020-ல் அமெரிக்க அறிவியல் அகாதமியின் குழுவும் நுண்ணலை விளக்கத்தையே கூடுதலாகப் பொருந்துவதாகச் சொன்னது. ஆனால் ஊழியர்கள் பதிவு செய்த ஓசையை ஆராய்ந்த இரு உயிரியலாளர்கள் அது கரீபியன் சில்வண்டு ஒன்றின் கூவல் என்று 2019-ல் காட்டினார்கள். 2023-ல் அமெரிக்க உளவு அமைப்புகளில் பெரும்பாலானவை அயல்நாட்டுத் தாக்குதலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றன. 2024-ல் வந்த ஸ்கேன் ஆய்வுகளிலும் மூளைக் காயத்துக்குத் தெளிவான தடயம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் அவதி நிஜம். அதற்குக் காரணம் ஒரு கதிர்த் துப்பாக்கி என்பதை நான் நம்பவில்லை. 2021 டிசம்பரில் சீன ராணுவ மருத்துவ அறிவியல் அகாதமியைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது அமெரிக்க வணிகத் துறை 'மூளைக் கட்டுப்பாட்டு ஆயுதம் எனப்படுவது' என்று ஒரு சொற்றொடரைப் போட்டது. அது என்ன ஆயுதம் என்ற விவரம் அறிவிப்பில் இல்லை. தெரியாத கதிர் பற்றிய பயம் தெரிந்த மருந்துக்கு நல்ல மறைப்பாகிவிடுகிறது.

நம் நாட்டுக்கு இதில் நேரான தொடர்பு ஒன்று உண்டு, ராணுவத்தின் வழியாக அல்ல, காவல் நிலையத்தின் வழியாக. 2000-களில் பெரிய வழக்கென்றால் குற்றம் சாட்டப்பட்டவரைப் பெங்களூருவுக்கு நார்கோ சோதனைக்கு அழைத்துப் போவது பத்திரிகைகளில் வழக்கமான செய்தி. சோடியம் பென்டதால் ஏற்றி, அரை மயக்கத்தில் பேச வைப்பார்கள். அதுவும் மயக்க மருந்துதான். அறுவைக்கு முன் தூங்க வைக்கப் பயன்பட்டது. கூடவே தலையில் மின்முனை மாட்டி, குற்றக் காட்சியைச் சொல்லி, மூளை அதை அடையாளம் காண்கிறதா என்று பார்க்கும் மூளை வரைவுச் சோதனையும் நடந்தது. பி-300 அலையை நம்பிய சோதனை. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் இப்படிப்பட்ட மூளைச் சோதனையையும் சான்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. உலகில் எந்த ராணுவமும் கைக்கொள்ளுமுன் நம் போலீஸ் கைக்கொண்டுவிட்டது என்று அப்போது தோன்றியது.

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் இதை நிறுத்தியது. நார்கோ, பொய்யறியும் சோதனை, மூளை வரைவு மூன்றையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு மண்டைக்குள்ளும் செல்லும் என்றது தீர்ப்பு. வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமை, மூளையைத் திறக்காமல் இருக்கும் உரிமையாக நீண்டது. பல நாடுகள் 'நரம்பு உரிமை' என்ற சொல்லைக் கேள்விப்படும் முன்பே வந்த தீர்ப்பு இது. அந்தச் சொல்லின் பெயரில் சிலி தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது 2021-ல்தான்.

ஆனால் அதே அரசியல் சட்டத்தில் 33-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடிப்படை உரிமைகள் ராணுவத்தினருக்கு எந்த அளவு பொருந்தும், எந்த அளவு கட்டுப்படுத்தலாம் அல்லது நீக்கலாம் என்பதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம் என்கிறது அது. சங்கம் சேர்வதற்கும் பத்திரிகையில் எழுதுவதற்கும் சிப்பாய்க்கு உள்ள கட்டுப்பாடுகள் அந்த வழியாக வந்தவை. மூளைக்கு அப்படிச் சட்டம் எதுவும் இதுவரை போடவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு ஜெயிலில் இருப்பவர் தலைத்தொப்பியை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லலாம். செல்வி தீர்ப்பு அவர் பக்கம் நிற்கும். எல்லைச் சாவடியில் இரவுக் காவலுக்குப் போகும் ஜவானிடம் அதே தொப்பியை மேலதிகாரி நீட்டினால் என்ன ஆகும் என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வழக்கும் அதுவல்ல.